ஒன்பது வருஷ வீடு

சங்கரன்கோவில்
12.11.2024

அதுக்கில்ல மருமவனே, உன் மேல கோவம் இருந்து நான் வீட்டு லேண்டுலைன் போனை வைக்கல. நீ "அத்தை"ன்னு கூப்பிட்டதும் எனக்குப் பேச வர மாட்டேங்கு. ரெண்டு மட்டம் எடுத்தேன், ரெண்டு மட்டமும் வச்சுட்டேன். எழுத உக்காந்தா மட்டும் வருது. குருவிகுளத்துப் பள்ளிக்கொடத்துல எட்டாப்பு வரைக்கும் படிச்சது இதுக்காவது ஆச்சு.

நீ அனுப்புன கவரு பன்னெண்டும் வந்துச்சு. ஸ்டாம்பு ஒட்டி, உன் கோயம்புத்தூர் அட்ரஸையும் அச்சடிச்சு வச்சிருக்க. போஸ்ட்மேன் கட்டைப் பாத்துட்டு, "என்னம்மா, கோர்ட்டுல கேஸ் எதும் நடக்கா?"ன்னு கேட்டாரு. இல்லய்யா, எங்கண்ணன் மவன் கரண்டு ரீடிங் கேக்கான்னேன். அவருக்குப் புரியல. எனக்கும் முழுசாப் புரியல, போ.

உங்க மாமா இருந்தவரைக்கும் போன்ல மீட்டரைப் படம் புடிச்சு உனக்கு அனுப்பிருவாவ. அவுக போயி ஆறு மாசம் ஆச்சு. அந்தப் போனு பீரோவுல கெடக்கு. அதை எடுத்து நோண்ட எனக்குத் தெரியாது, எடுக்கவும் தோணல.

நீ கேட்ட மூணு நம்பரு. சோலாரு போட்டது 322. ஈபில இருந்து வந்தது 41. நம்ம வீட்டுல இருந்து ஈபிக்குப் போனது 301. சரியாப் பாத்து எழுதியிருக்கேன். கண்ணாடி போட்டுப் பாத்தேன்.

வீடு நல்லா இருக்கு. நீ படிச்சு முடிச்சு மொத மொதல்ல கெட்டுன வீடுல்லா. பொந்து விட்டுக் கெட்டுன செவரு, மாடியில வெள்ள ஓடு, மேல சின்னச் சின்ன சன்னலு, எல்லாம் நீ சொன்ன மாதிரியே குளுகுளுன்னு இருக்கு. பக்கத்து வீட்டு ஆயிஷம்மா மதினி வந்தா, "ஏட்டி தங்கம், எங்கூட்டுல ரெண்டு ஏசி இருக்கு, உங்கூட்டுல வந்துதான் எனக்கு உறக்கம் வருது"ங்காவ. மாவு மில்லை வித்து இந்த வீட்டைக் கெட்டும்போது ஊரே சிரிச்சுது. முப்பது வருசம் மில்லு ஓட்டுன மனுசன் உங்க மாமா. பில்லு வந்த அன்னைக்குப் பூரா யார்கிட்டயும் பேச மாட்டாவ. "இனிமே கரண்டு என்கிட்ட பில்லு வாங்கட்டும்"னு சொல்லிக்கிட்டே திரிஞ்சாவ. ஒண்ணே முக்கா வருசம் வாங்கிட்டுப் போயிட்டாவ.

மாடிப்படிக்குக் கீழ நீ விட்டுக் கெட்டுன மாடத்துல தெனமும் காலையில வெளக்கு ஏத்துதேன். கோமதியம்மன் படமும் சங்கரநாராயணர் படமும் அதுக்குன்னு அளவெடுத்த மாதிரி உக்காந்திருக்கு. புகை போக ஓட்டை கூட விட்டுருக்க. இந்தக் காலத்துப் பிள்ளையள்ல யாரு அத்தைக்கு இப்பிடி யோசிச்சுக் கெட்டுவா?

ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். கெவருமென்டுதான் எல்லாருக்கும் நூறு யூனிட்டு சும்மா தருதே. அதுக்கு மேல சோலாரு எதுக்குன்னு ஆயிஷம்மா மதினி கேக்காவ. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. எழுது.

தங்கத்தாய்


கோயம்புத்தூர்
20.11.2024

அன்புள்ள அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. எண்கள் மிகச் சரியாக இருக்கின்றன. கணக்குப் போட்டால், போன மாதம் நீங்கள் செலவழித்தது அறுபத்திரண்டு யூனிட்தான். அருமை. இதுவே இன்னும் குறைந்தால் இன்னும் நல்லது.

எதற்குக் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். மகாராஜன் என்று ஒரு பில்டர். புளியங்குடி ரோட்டில் நாற்பது வீடுகள் கட்டப் போகிறார். எல்லாவற்றையும் நம் வீட்டைப் போலவே, வருஷம் முடிந்தால் வாங்கிய கரண்டும் கொடுத்த கரண்டும் சரிக்குச் சரி நிற்கிற வீடுகளாகக் கட்டலாம் என்று அவரைச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். வாங்க வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: கூடுதலாகப் போடுகிற பணம் எத்தனை வருஷத்தில் திரும்பும்? ஒன்பது வருஷம் என்று நான் சொல்கிறேன். தாளில் எழுதிக் காட்டினால் யாரும் நம்புவதில்லை. நிஜமாக ஒருவர் குடியிருக்கிற வீடு என்று என்னிடம் இருப்பது உங்கள் வீடு ஒன்றுதான். நீங்கள் இரண்டு பேரும் இருந்தபோது வந்த கணக்கு சித்திரையோடு நிற்கிறது. மீட்டர் படங்களும், சோலார் பெட்டி நிமிஷத்துக்கு நிமிஷம் தானாக அனுப்புகிற தகவலும் மாமாவின் போன் வழியாகத்தான் எனக்கு வந்துகொண்டிருந்தன. இந்த ஒரு வருஷமும் சேர்ந்தால் அவர் கையெழுத்துப் போடுவார்.

ஆயிஷம்மாள் அத்தை கேட்டது நியாயமான கேள்வி. ஃபேன், லைட்டோடு நிறுத்திக்கொள்கிற வீட்டுக்கு இலவச யூனிட்டே போதும். ஏசி போட்டு இரண்டு மாதத்துக்கு எழுநூறு, எண்ணூறு யூனிட் ஓட்டுகிற குடும்பத்துக்குத்தான் இது கட்டுப்படியாகும். அவர்கள் வீட்டைப் போல.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

லிங்கேஷ்


சங்கரன்கோவில்
2.1.2025

மருமவனே, இந்த மட்டம் நம்பரைப் பாரு, பெறவு பேசு. சோலாரு 268. மழையும் மூட்டமுமா இருந்துச்சு, அதான் கொறவு. வந்தது 6. போனது 255. நானே கூட்டிக் கழிச்சுப் பாத்தேன். பத்தொம்பது யூனிட்டு! உன் பில்டருகிட்ட காட்டு. ஒங்க அத்தை வீட்டுல பத்தொம்பதுன்னு சொல்லு.

அந்த மகாராஜன் இங்கயே வந்துட்டாரு. புருசன் பொஞ்சாதி ரெண்டு சோடியக் கூட்டிட்டு வந்து, செவரைத் தட்டித் தட்டிக் காட்டுதாரு. அதுல ஒரு பொண்ணு, ப்ரியதர்ஷினின்னு பேரு, இடுப்புல கைப்பிள்ள, பேங்குல வேல பாக்காளாம். கெட்டிக்காரி. நேரா என்கிட்ட வந்து, "அம்மா, இந்த வீட்டுல உங்களுக்கு என்ன குறை?"ன்னு கேட்டா. ஒரு கொறையும் இல்ல தாயின்னேன். "பில் எவ்வளவு வருது?" வரவே வராதுன்னேன். பெறவு சுத்திமுத்திப் பாத்துட்டு, "நீங்க மட்டுமா இருக்கீங்க?"ன்னா. ஆமான்னேன். காப்பி குடுத்தேன். நல்லாருந்துச்சுன்னா.

அவுக போனதுக்கப்புறம் ஆயிஷம்மா மதினி கேட்டாவ, "ஏட்டி, ஒருத்திக்குக் கெட்டுன வீடா இது? ஒன்பது வருசத்துல துட்டு திரும்பும்னு பிள்ள சொல்லுதான், அது ரெண்டு பேருக்கா, ஒருத்திக்கா?"ன்னு. எனக்கும் அது தெரியணும். ஒத்தப் பொம்பளைக்கு எத்தன வருசம் ஆவும்? சும்மாதான் கேக்கேன். துட்டு திரும்பி வந்து நான் என்னத்த வாங்கப் போறேன்.

மார்கழி முழுக்க விடிய முந்தி கோயிலுக்குப் போயிட்டு வாரேன். நல்லா நடக்கேன். நல்லாச் சாப்பிடுதேன். அழுகைதான் வர மாட்டேங்கு. ஊர்ல இருந்து வந்த சொந்தக்காரிய எல்லாம் என் மூஞ்சையே பாத்துக்கிட்டு இருந்தாளுவ, இவ எப்ப அழுவான்னு. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பல்லு டாக்டரு ஊசி போட்டா கன்னம் நம்ம கன்னம் மாதிரியே இருக்காதுல்லா, அப்பிடித்தான் கெடக்கேன். தொட்டாத் தெரியும், வலிக்காது.

தங்கத்தாய்


கோயம்புத்தூர்
11.1.2025

அன்புள்ள அத்தைக்கு,

பத்தொன்பது யூனிட் என்பது முடியாத காரியம். இதைக் காட்டினால் மகாராஜன் மொத்தக் கணக்கையே நம்ப மாட்டார். ஃபிரிட்ஜ் ஒன்று மட்டுமே மாதத்துக்கு முப்பது யூனிட் இழுக்கும். எண்ணைத் தப்பாகப் பார்த்தீர்களோ என்று நினைத்தேன். மீட்டரையும் ஒயரையும் பார்க்கச் சொல்லி வேல்சாமி அண்ணனுக்குப் போன் செய்திருக்கிறேன். வீட்டுக்கு ஒயரிங் செய்தவர் அவர்தான், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வந்தால் காட்டுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு எப்படிப் பதில் எழுதுவது என்று நாலு நாள் யோசித்தேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. ஒருவர் மட்டும் இருக்கிற வீட்டில், ஏசியும் இல்லாமல், இலவச யூனிட்டும் இருக்கும்போது, அந்தப் பணம் திரும்பாது அத்தை. எத்தனை வருஷம் ஆனாலும் திரும்பாது. நான் போட்ட கணக்கு, மாமா எண்பது வயது வரை இருப்பார் என்று போட்ட கணக்கு.

ஃபிரிட்ஜ் ஓடுகிறதா? ஃபேன் போட்டுக்கொள்கிறீர்களா? இதற்கு மட்டும் உடனே எழுதுங்கள்.

லிங்கேஷ்


சங்கரன்கோவில்
24.1.2025, தை வெள்ளி

நீ கேட்டுட்ட, நான் மறைக்க மாட்டேன். சாமி மாடத்துக்கு முன்னால உக்காந்து எழுதுதேன்.

இன்னும் கொறஞ்சா இன்னும் நல்லதுன்னு நீ எழுதியிருந்தல்லா, அதைப் படிச்ச அன்னைக்கே நேந்துக்கிட்டேன். பன்னெண்டு மாசம் உன் நம்பரு கூடாம பாத்துக்கிடுதேன் தாயே, பிள்ளைக்கு நாப்பது வீடும் கெடைக்கணும்னு கோமதியம்மன்கிட்ட சொல்லிட்டு வந்தேன். ஒரு வெரதம் மாதிரின்னு வச்சுக்கோயேன். ஃபிரிட்ஜைத் தொடச்சுக் கழுவி, கதவைத் தொறந்து போட்டிருக்கேன். தோச மாவு ஆயிஷம்மா மதினி வீட்டுல அரைச்சு அங்கனயே வச்சுக்கிடுதேன். துணிய கையில தொவைக்கேன். மத்தியானம் கோயில்ல அன்னதானம். சாயங்காலம் மண்டபத்துல உக்காந்திருந்துட்டு, வந்து படுத்துருவேன். ஃபேனு எதுக்கு, நீ கெட்டுன வீடுதான் குளுந்து கெடக்கே. இதுல உனக்குக் கெடுதல் வரும்னு எனக்குத் தெரியாது. நெசமாத் தெரியாது.

ஆயிஷம்மா மதினி ஏசுதாவ. "கரண்டு காய்க்குத மரம் மாதிரி ஒரு வீட்டை வச்சுக்கிட்டு எங்கூட்டுக் கரண்டுல மாவாட்டுதியேட்டி! எம்மவன் மைதீன் பாட்சா துபாய்ல வேர்வை சிந்தி பில்லு கெட்டுதான், அது ஒங்கூட்டுக் கணக்குல வருதாட்டி?"ன்னு. சொல்லிட்டு அவுகளே சிரிச்சுட்டாவ. நானும் சிரிச்சேன்.

வேல்சாமி வந்துட்டுப் போனான். அது பத்தித்தான் எழுதணும்.

மீட்டரைப் பாத்தான், ஒயரைப் பாத்தான், எல்லாம் சரியா இருக்குன்னான். செருப்பை மாட்டப் போனவன் படிக்குக் கீழ பாத்துட்டு நின்னுட்டான். "என்னக்கா, பேட்டரிக்கு விட்ட எடத்துல சாமியக் குடி வச்சிருக்கிய?"ன்னான். எனக்கு ஒண்ணும் வெளங்கல. படத்துக்குப் பின்னால கைய விட்டு, டேப்பு சுத்துன ஒயரு நுனி ரெண்டை எடுத்துக் காட்டுனான். "பாருங்க, இழுத்து ரெடியா விட்டுருக்கு. கடைசி நேரத்துல தம்பி வேண்டாம்னுட்டாரு."

எனக்கு ரொம்ப நாளா ஒரு கேள்வி உண்டு மருமவனே. அவன்கிட்ட கேட்டேன். ஏ வேல்சாமி, மாசத்துக்கு ஒருநாள் ஈபில ஷட்டவுன் போடுதாவல்லா, அன்னைக்கு வெயிலு மண்டையப் பொளக்கும்போதும் நம்ம வீட்டு ஃபேனும் நின்னுருதே, சோலாரு எங்க போச்சு? அவன் சொன்னான். "அக்கா, ஈபி லைன் நின்னா இதுவும் தானா நின்னுரும். இல்லன்னா கம்பத்துல ஏறி வேல பாக்குதவனுக்கு ஷாக் அடிச்சிரும்லா. பேட்டரி இருந்தா வீட்டுக்கு மட்டும் தனியா ஓடியிருக்கும். பேட்டரி இல்ல, அதனால ஓடாது."

உங்க மாமா போனது ஷட்டவுன் அன்னைக்கு. சித்திரை இருபத்தொண்ணு, சனிக்கிழமை. காலையில ஒன்பது மணிக்குக் கரண்டு போச்சு. நான் கோயிலுக்குப் போயிட்டு ஒரு மணிக்கு வந்தேன். கட்டில்ல அப்பிடியே கெடந்தாவ. டாக்டரு ஹார்ட்டுன்னாரு. ஊர்ல எல்லாரும் வெக்கையினாலன்னு சொன்னாவ. நான் எதையும் காதுல வாங்கல.

வேல்சாமி சொன்னது நெசமா? உன்னக் குத்தம் சொல்லல. சும்மா கேக்கேன். மாடத்துல இன்னைக்கும் வெளக்கு ஏத்துனேன். ஏத்தலாமா வேண்டாமான்னு தெரியல, ஏத்திட்டேன்.

தங்கத்தாய்


கோயம்புத்தூர்
9.2.2025

அத்தைக்கு,

வேல்சாமி அண்ணன் சொன்னது உண்மை.

முதல் வரைபடத்தில் பேட்டரி இருந்தது. இடம் விட்டேன், ஒயர் இழுக்கச் சொன்னேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பேட்டரி இல்லாமல் ஒன்பது வருஷம். பேட்டரியும் அதற்கு ஏற்ற இன்வெர்ட்டரும் சேர்ந்தால் இன்னும் இரண்டு லட்சம், பத்து வருஷம் கழித்துப் பேட்டரியை மாற்றுகிற செலவு வேறு, பதினேழு வருஷம். பதினேழு என்று சொன்னால் உட்கார்ந்து கேட்க ஆள் இருக்காது. இது என் முதல் வீடு. இதைக் காட்டித்தான் அடுத்த வீடு கிடைக்கும். அதனால் எடுத்துவிட்டேன்.

மாமா கேட்டார். "ஏலே, வெயில் இருக்கும்போதே ஃபேன் நிக்குமாலே?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். மாதத்துக்கு ஒருநாள், நாலைந்து மணி நேரம்தான் மாமா, அதற்காக இரண்டு லட்சமா என்றேன். முப்பது வருஷம் மில் நடத்தியவர், உடனே சரி என்றுவிட்டார். கிரகப்பிரவேசத்தன்று நீங்கள் அந்த இடத்தில் விளக்கு ஏற்றினீர்கள். நான் சொல்ல வாயெடுத்தேன். மாமா என் கையைப் பிடித்து அழுத்தினார். "அவளுக்கு அது சாமி மாடமாவே இருந்துட்டுப் போவட்டும்" என்றார்.

அந்தச் சனிக்கிழமையின் தகவல் என்னிடம் இருக்கிறது. காலை 9.04 முதல் 1.52 வரை கோடு பூஜ்யத்தில் கிடக்கிறது. வெளியே நாற்பது டிகிரி. மேலே பன்னிரண்டு யூனிட் தரக்கூடிய வெயில். கீழே ஒரு ஃபேன் ஓடவில்லை. மாமாவின் துட்டிக்கு வந்திருந்தபோதே எனக்குத் தெரியும். உங்களிடம் சொல்லவில்லை. பிறகு தபால் கவர் அனுப்பினேன்.

ஒரு மின்விசிறிக்கு ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். அதை எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

விரதத்தை விடுங்கள் அத்தை. ஃபிரிட்ஜைப் போடுங்கள். ஃபேனைப் போடுங்கள். எனக்கு எந்த எண்ணும் வேண்டாம்.

லிங்கேஷ்


கோயம்புத்தூர்
6.4.2025

அன்புள்ள அத்தைக்கு,

இரண்டு மாதமாக உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்கிற உரிமை எனக்கு இல்லை. ஆயிஷம்மாள் அத்தைக்குப் போன் செய்தேன். "இருக்கா. நடக்கா, திங்கா. பேச்சு மட்டும் கொறஞ்சு போச்சு" என்றார்கள்.

போன வாரம் மகாராஜனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேட்டரி இல்லாத வீட்டுக்கு இனிமேல் என் பெயரைப் போட மாட்டேன், பேட்டரியோடு பதினேழு வருஷம், அதைத்தான் வாங்குகிறவர்களிடம் சொல்ல வேண்டும் என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "வருசத்துக்குப் பன்னெண்டு நாள் ஃபேன் ஓடலன்னா என்னவே? அந்தப் பன்னெண்டு நாளும் வேப்பமரத்தடியில உக்காரச் சொல்லும். அதுக்கா ரெண்டு லட்சம்?" என் மாமா எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போனார் என்று சொன்னேன். டீ டம்ளரை மேஜையில் வைத்தார். பிறகு, "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா இதைச் சொல்லி வீடு விக்க முடியாதுவே" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. நாற்பதும் சாதாரண வீடுகளாக எழும்பப் போகின்றன. எனக்கு இப்போது கையில் வேலை எதுவும் இல்லை. இரண்டு பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

மாமாவின் முதல் வருஷத் திதி சித்திரை பதினொன்று, வியாழக்கிழமை என்று அப்பா சொன்னார். நான் வரலாமா? வரலாம் என்றால் ஒரு பேட்டரியையும் கொண்டுவந்து, வேல்சாமி அண்ணனை வைத்து மாட்டிவிட்டு வருகிறேன். என் செலவு அது. கணக்கில் சேராது. வர வேண்டாம் என்றால் ஒரு வெறும் கவரை மட்டும் தபாலில் போடுங்கள், புரிந்துகொள்கிறேன்.

லிங்கேஷ்


சங்கரன்கோவில்
15.4.2025

வெறுங்கவரு எதுக்குப் போடச் சொல்லுத, வேற வேல இல்ல? வா. அத்தை வீட்டுக்கு வாரதுக்கு மருமவன் சீட்டு எழுதிக் கேப்பானாலே?

ரெண்டு மாசம் எழுதாம இருந்தது கோவத்துல இல்ல. கோவம் வருதான்னு நானும் பாத்தேன். உக்காந்து பாத்தேன், படுத்துப் பாத்தேன். சந்நிதியில நின்னு பாத்தேன். வரல. உன் லெட்டரைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். மளிகைக் கடைச் சீட்டு மாதிரி இருந்துச்சு, ஒண்ணும் ஏறல. கவரை எடுத்து, பேனாவை எடுத்து, சோலாருன்னு எழுதி, அப்பிடியே விட்டுருவேன்.

நேர்ச்சையை மட்டும் தீத்துட்டேன். மனசறியாம செஞ்சது தாயேன்னு கோமதியம்மனுக்கு மாவெளக்கு போட்டு, புத்துமண்ணு பூசிக்கிட்டு வந்தேன். ஃபிரிட்ஜு ஓடுது. ஃபேனும் ஓடுது. மாவை வீட்டுலயே அரைக்கேன். ஆயிஷம்மா மதினி, "என்னட்டி, எங்கூட்டு மேல உனக்கு வெறுப்பா?"ன்னு அதுக்கும் ஏசுதாவ. போன மாசம் எழுபத்தொண்ணு. நீ வேண்டாம்னாலும் எழுதுதேன், பாத்துப் பாத்துப் பழகிட்டு.

உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். போன வாரம் ஷட்டவுன் போட்டாவ. எங்கயும் போவக்கூடாதுன்னு இருந்துட்டேன். ஒன்பது மணிக்குக் கரண்டு போனதும் அவுக கட்டில்ல போயி உக்காந்தேன். எப்பிடித்தான் இருந்திருக்கும்னு பாக்கணும்ல. ஆயிஷம்மா மதினி சன்னல் வழியாக் கூப்பிட்டாவ: "ஏட்டி, உள்ள தனியா என்ன செய்த? எங்கூட்டுல ஜெனரேட்டரு ஓடுது, வா, மோரு இருக்கு." வரல மதினின்னேன். "வேர்த்துச் சாவப் போற"ன்னு சொல்லிட்டு, சொன்ன வாயப் பொத்திக்கிட்டு உள்ள போயிட்டாவ. பாவம்.

ரெண்டு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன். வேர்த்துச்சு. முதுகுல சேல ஒட்டுச்சு. ஆனா ஒரு மனுசனைக் கொண்டுட்டுப் போவுத வெக்கையாத் தெரியல. மேச்சன்னல் வழியாக் காத்து வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. இதை நீ ரொம்ப எடுத்துக்கிடாத. எனக்கு இப்ப சுடுதண்ணியக் கால்ல ஊத்துனாலும் ரொம்ப நேரம் கழிச்சுத்தான் தெரியும். என் ஒடம்பைக் கேட்டு ஒண்ணும் முடிவு கெட்ட முடியாது.

அந்த மகாராஜன்கிட்ட நீ சொன்னது நல்லதுதான். சொல்லாம வித்திருந்தா அந்த ப்ரியதர்ஷினிப் பொண்ணு மூஞ்சில நான் எப்பிடி முழிக்க? சித்திரை மாசம் அவ கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு அங்கன கெடந்து விசிறுனா யாரைக் கேப்பா? வேல போச்சுன்னு வருத்தப்படாத. உங்க மாமாவுக்கு மில்லு மோட்டாரு மூணு மட்டம் எரிஞ்சிருக்கு. ஒவ்வொரு மட்டமும் இதோட முடிஞ்சுதுன்னுதான் வந்து படுப்பாவ.

பேட்டரியக் கொண்டா. சாமிய எங்க வைக்கன்னு பாத்துக்கிடலாம். திதிக்கு அய்யர்கிட்ட சொல்லியாச்சு. பழம் ஒண்ணும் வாங்கிட்டு வராத, இங்கனயே எல்லாம் கெடைக்கும். புளியங்குடி வழியா வாரதா இருந்தா நல்ல எலுமிச்சம்பழமா அம்பது மட்டும் வாங்கிக்கோ, ஊறுகா போடணும். புதன்கிழமையே வந்துரு. உனக்கு மேச்சன்னல் உள்ள ரூமைப் பெருக்கி வைக்கேன்.

தங்கத்தாய்

யய்யா, கவரை ஒட்டிட்டு, தண்ணியத் தொட்டு நனைச்சு மறுபடியும் பிரிச்சிருக்கேன். வெள்ளைத்தாளு கொஞ்சம் கிழிஞ்சு போச்சு. உனக்குப் படுக்கப் போர்வை எடுத்து வைக்கணும்னு பீரோவைத் தொறந்தேன். இப்பத்தான் ஞாபகம் வருது. ஒரு வருசமா இந்த நெனப்பு எங்க கெடந்துச்சுன்னே தெரியல.

அன்னைக்குக் கரண்டு போயி ரெண்டு மணி நேரம் இருக்கும். நான் வாசல்ல கோயிலுக்குப் பொறப்பட்டு நிக்கேன். உள்ள இருந்து உங்க மாமா கூப்பிட்டாவ. ஃபேனு ஓடலன்னு சொல்லத்தான் கூப்பிடுதாவன்னு நெனச்சு வந்தேன். "தங்கம், குளுருது. அந்தப் போர்வைய எடு"ன்னாவ. இந்தச் சித்திரை வெயில்ல என்ன குளுருன்னு சிரிச்சேன். கையத் தொட்டுப் பாத்தேன், ஜில்லுன்னு இருந்துச்சு. பிள்ள கெட்டுன வீடு அவ்வளவு குளுர்ச்சின்னு நெனச்சுக்கிட்டேன் மருமவனே. உச்சிகால பூசைக்கு நேரமாச்சுன்னு போயிட்டேன். போர்வைய எடுத்துக் குடுக்கல.